கோதுமை வயலுக்குள் குதிரை

பரிமளாவுக்கு அந்த கேம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அதை அண்ணன் ஆல்வினிடம் எப்படிச் சொல்வது என்றுதான் பதினெட்டு நாளாகத் தெரியவில்லை.

ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தது அவன்தான். பன்னிரண்டாவது முடித்துவிட்டு, இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்காகக் காத்துக்கொண்டு, வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் தங்கச்சி. ஒரகடத்தில் ஆல்வின் வேலை பார்க்கும் கம்பெனியில் கூட வேலை செய்கிற வசந்த்குமார் புது லேப்டாப் வாங்கியதும் பழையதை ஆல்வினிடம் தள்ளிவிட்டான். மூடியில் ஒரு ஓரம் பெயர்ந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது. உள்ளே அந்த கேம் இருந்தது. கம்பெனிப் பசங்கள் எல்லாம் இதற்குப் பைத்தியமாகக் கிடக்கிறார்கள், வசந்த்குமார் மட்டும் இருநூறு மணி நேரம் ஆடியிருக்கிறான், ஆரம்பித்தால் விடவே மாட்டாய் என்று சொல்லி ஆல்வின் அதை அவள் கையில் கொடுத்தான்.

பெரிய உலகம்தான். மலை, ஏரி, காடு, கண்ணுக்கு எட்டிய மட்டும் கோதுமை வயல், கல்லால் கட்டிய வீடுகள், ஒரு ஓரத்தில் கடல். அதில் நாம் ஒரு தபால்காரி. மேலே ஒரு மஞ்சள் அம்பு காட்டும். குதிரையில் ஏறி, அம்பு காட்டுகிற இடத்துக்குப் போய், அங்கே வெளியே நிற்பவரிடம் கடிதத்தைக் கொடுத்தால் அடுத்த கடிதம் வரும். அம்பு வேறு பக்கம் திரும்பும். பரிமளா ரோட்டைப் பிடித்துப் போனாள், கொடுத்தாள், ரோட்டைப் பிடித்துத் திரும்பி வந்தாள். குதிரைக்குப் பேர் வைக்கச் சொன்னபோது 'டவுன் பஸ்' என்று அடித்தாள். அது அந்த லட்சணத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. இருபது மணி நேரம் ஆகியும் உத்திரமேரூருக்கும் மானாம்பதிக்கும் நடுவில் போய்வந்ததற்கு மேல் அதில் ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. வசந்த்குமார் இருநூறு மணி நேரம் அதில் எதைத்தான் செய்தான்?

ஆனாலும் தினமும் ஆடினாள். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஆல்வினைக் கூட்டு ரோட்டில் இறக்கிவிட, அவன் வீடு வந்து சேர மணி ஒன்று ஆகிவிடும். தாழ்ப்பாளைத் திறக்க யாராவது முழித்திருக்க வேண்டும். வந்ததும் வராததுமாய், எதுவரைக்கும் வந்தாய் என்று கேட்பான். சூப்பராகப் போகிறது அண்ணா என்பாள்.

இன்னொரு காரணமும் உண்டு. லேப்டாப்பை மூடினால் மற்றது வந்து எதிரில் உட்கார்ந்துகொள்ளும்.

மற்றது, கோயம்புத்தூர். திங்கட்கிழமை சீட் ஒதுக்கி மெசேஜ் வந்தது. அரசு காலேஜ், எலக்ட்ரிக்கல், ஹாஸ்டல். வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் 'சேர்கிறேன்' என்றோ 'வேண்டாம்' என்றோ இணையத்தில் அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் சீட் போய்விடும். வேண்டாமென்றால் ஏனாத்தூரில் ஒரு டிகிரி இருக்கிறது, காலையில் பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். அப்பா முனிரத்தினம், உன் இஷ்டம்மா என்று சொல்லிவிட்டார். அம்மா சிட்டம்மாள், உங்கண்ணனைக் கேள் என்றாள். அண்ணன், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றான்.

அவள் யோசிக்கவில்லை. பயந்தாள். நாள் ஆக ஆகச் சோறு இறங்கவில்லை. ஹாஸ்டல் சாப்பாட்டை நினைத்துப் பயப்படுகிறாள், சீனியர்களை நினைத்துப் பயப்படுகிறாள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அது எதுவுமில்லை. ஆனால் எது என்று எடுத்துச் சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் போல இருந்தது.

புதன்கிழமை ராத்திரி. அப்பாவும் அம்மாவும் கூடத்தில் படுத்துவிட்டார்கள். ஃபேன் காற்றில் கொசுவலை அசைந்துகொண்டிருந்தது. சமையலறை வாசலில் பாயைப் போட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பரிமளா தபால் கொடுக்கக் கிளம்பினாள். அம்பு ஒரு பெரிய வயலுக்கு அந்தப்பக்கம் காட்டியது. நேராகப் போனால் கூப்பிடு தூரம். ரோடு வயலைச் சுற்றிக்கொண்டு போனது. அவளும் வழக்கம்போல ரோட்டோடு சுற்றினாள்.

அப்போதுதான் புதரிலிருந்து ஓநாய் ஒன்று பாய்ந்தது. டவுன் பஸ் மிரண்டு, இரண்டு காலில் நின்று, அவள் எந்தப் பட்டனை அழுத்தியும் கேட்காமல், பிய்த்துக்கொண்டு ஓடியது. ரோட்டை விட்டு இறங்கி, கல் வேலியைத் தாண்டி, விளைந்து நின்ற கோதுமைக்குள் நேராகப் போய் நடு வயலில் நின்று மூச்சு வாங்கியது.

பரிமளா கையை எடுத்துவிட்டாள்.

சுற்றிலும் இடுப்பு உயரத்துக்குக் கதிர். நூறடி தள்ளி ஒரு வீடு. வாசலில் ஒரு ஆள் விறகு பிளந்துகொண்டிருந்தான். இதோ திரும்பப் போகிறான், கத்தப் போகிறான், கோலை எடுத்துக்கொண்டு வரப் போகிறான் என்று அவள் அவனையே பார்த்தாள்.   ஆள் கோடாலியைக் கீழே வைத்தான். அவ்வளவுதான், லேப்டாப்பைப் படக்கென்று மூடிவிட்டாள். சத்தத்தில் சிட்டம்மாள் புரண்டு படுத்தாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்கும்வரை பரிமளா அப்படியே உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்தாள். ஆல்வின் பையை மாட்டிவிட்டு, குடத்தில் ஒரு செம்பு மொண்டு முகம் கழுவக் குனிந்தான்.

"அண்ணா, ஒருத்தர் வயல்ல பூந்துட்டேன்" என்றாள்.

செம்பு அந்தரத்தில் நின்றது.

"யாரு வயலு?"

"தெர்ல."

"கதிர் நிக்கிதா?"

"நிக்கிது. அப்டியே மெதிச்சிக்கினு நடுவுல போயிட்சி."

"யாராச்சும் பாத்தாங்களா?" குரல் அவனையறியாமல் இறங்கியிருந்தது. கூடத்தில் அப்பா படுத்திருந்த பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டான். "நைனாவுக்குத் தெரிமா?"

"கேம்லண்ணா."

ஆல்வின் அவளைப் பார்த்தான். செம்புத் தண்ணீரைத் தலையிலேயே ஊற்றிக்கொண்டான். பிறகு சிரிப்பு வந்தது அவனுக்கு. தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாதென்று துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். வயிற்றுவலிக்காரன் மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். குதிரை அங்கேயே நின்றது. விறகுக்காரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கோடாலியை எடுத்துப் பிளக்கத் தொடங்கியிருந்தான். இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நீ இந்த மாதிரி உள்ள பூந்து போயிகீறியா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் தனியாக அவன் ஆட்டத்தை ஆடுவான். முப்பது மணி நேரம் ஆடியவன் என்று அவளிடம் பெருமை வேறு. போகாமல் என்ன என்று சொல்ல வாயைத் திறந்தவன், திறந்த வாயோடு யோசித்தான்.

"என் மேப்ப எடு" என்றான்.

அந்த கேமில் நாம் போன இடமெல்லாம் வரைபடத்தில் பச்சையாகும், போகாத இடம் மூட்டமாகவே இருக்கும். முதலில் பரிமளாவின் வரைபடம் வந்தது. சாம்பல் மூட்டத்தில் ரோடு போன வழியெல்லாம் நூல் மாதிரி பச்சைக் கோடு. அடுத்து ஆல்வினுடையது. அதே நூல்தான், கொஞ்சம் நீளம். மலையைச் சுற்றிக்கொண்டு கடல் வரைக்கும் போயிருந்தது, அவ்வளவே. கீழே வசந்த்குமார் ஆடிவிட்டுப் போன ஆட்டமும் அழியாமல் இருந்தது. பரிமளா அதைத் திறந்தாள்.

ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே பச்சை. மலையுச்சி, ஏரியின் நடு, காடு, வயல், ஒரு இடுக்கு விடாமல் மிதித்திருந்தான்.

 வசந்த்குமார் ஏதோ சீட் கோடு மாதிரி குறுக்குவழி போட்டு ஆடியிருக்கிறான் என்றுதான் தான் நினைத்ததாக ஆல்வின் மெதுவாகச் சொன்னான்.

"நான் வூட்டு வாசல்லல்லாம் நின்னுகினு இருந்தேண்ணா" என்றாள் பரிமளா. "யாராச்சும் வெளிய வந்து இன்னான்னு கேப்பாங்கன்னு. ஒரு வூட்டாண்ட பத்து நிமிஷம் நின்னேன். யாரும் வர்ல. அதான் செம பேஜாரா இருந்துச்சி. ஒங்கிட்ட சொல்லல."

அண்ணன் அதற்குச் சிரிக்கவில்லை. அவர்கள் அம்மா வேலை கேட்கப் போகும் வீடுகளில், கேட்டுக்கு வெளியே நின்று, சிட்டம்மா வந்துகீறேன் என்று குரல் கொடுத்துவிட்டு, உள்ளேயிருந்து ஆள் வரும்வரை நிற்பாள். சின்ன வயதில் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு இந்த இரண்டும் நின்றிருக்கின்றன. காலனியிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போக ஊர்த் தெரு வழியாக ஐந்து நிமிஷம், ஏரிக்கரை வழியாகப் பதினைந்து நிமிஷம். எல்லோரும் ஏரிக்கரை வழியாகத்தான் போவார்கள். தெரு வழியாகப் போகாதே என்று இப்போது யாரும் சொல்வதில்லை. சொன்ன காலத்தில் நடந்த கால் அப்படியே நடந்துகொண்டிருந்தது.

"கதவாண்ட போ" என்றான் ஆல்வின்.

விறகுக்காரன் வீட்டுக் கதவின் முன்னால் போய் பரிமளா நின்றாள். பழக்கத்தில் நின்றுவிட்டாள். திறக்க எந்த பட்டன் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்ததில் தபால்காரி குதித்தாள், உட்கார்ந்தாள், விசில் அடித்தாள். கடைசியில் கதவு கிரீச்சென்று திறந்தது.

உள்ளே அடுப்பில் என்னவோ கொதித்தது. மேசையில் பாதி வெட்டிய முட்டைகோஸ். சுவரில் யாரோ குழந்தை கரியால் குதிரை வரைந்திருந்தது, ஐந்து கால். மூலையில் ஒரு கிழவன் வலை பின்னிக்கொண்டிருந்தான். அவன் தலையைத் தூக்கியதும் பரிமளாவின் விரல் தானாகப் பின்னால் போகும் பட்டனுக்குப் போயிற்று. வெளியே காற்று அதிகமாக இருக்கிறது என்று கிழவன் இங்கிலீஷில் சொன்னான். சொல்லிவிட்டு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"இன்னாத்துக்கு நவுர்றான்?" என்றாள்.

"ஒனக்குத்தான். ஒக்காரு."

உட்கார்ந்தாள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. அடுப்பு எரிந்தது, கிழவன் பின்னினான், ஜன்னலுக்கு வெளியே விறகு பிளக்கும் சத்தம் கேட்டது. இருபது மணி நேரத்தில் முதல் தடவையாக அவளுக்கு அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மனமில்லை.

அதற்குப் பிறகு அவளை யாரால் பிடிக்க முடியும். பக்கத்து வீட்டில் பரண்மேல் ஏறினாள். மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்து கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டு, அது பின்னாலேயே வருவதைப் பார்த்துப் பதறி மறுபடி கட்டினாள். அம்பு கண்ணை உறுத்தியது. அதை மறைக்க வழி இருக்குமா என்று தேடினாள், இருந்தது. அம்பு போனதும் வானம்தான் பெரிதாகத் தெரிந்தது. தூரத்தில் மலைமேல் மெல்லிசாக ஒரு புகை எழும்பிக்கொண்டிருந்தது. அது அங்கே முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டும்.

அந்தப் புகை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாமா என்று பரிமளா கேட்டாள். ஆல்வின் சட்டிச் சோற்றில் ரசத்தை ஊற்றிக் கரைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

வயலுக்குள்ளேயே நேராகப் போனாள். கதிர் விலகி வழி விட்டது, குதிரை போனபின் மூடிக்கொண்டது. ஒரு தாளும் சாயவில்லை. ஆற்றில் ஆழமில்லை என்று நினைத்து இறங்கினாள், ஆழம் இருந்தது. குதிரை ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக அடித்துக்கொண்டு போய்க் கரையேறியபோது, கொடுக்க வேண்டிய கடிதம் தண்ணீரோடு போய்விட்டது என்று திரையில் எழுத்து வந்தது. வேலை போச்சு என்றான் ஆல்வின். போனால் போகட்டும், கடிதத்துக்குக் காத்திருக்கும் அம்மா போன் பண்ணித் தெரிந்துகொள்ளட்டும் என்றாள் அவள். இந்த ஊரில் போன் ஏது என்றான். காட்டில் ஒரு இடிந்த வீட்டின் கூரைமேல் ஆடு ஒன்று நின்றது. அது எப்படி ஏறியது என்று இரண்டு பேரும் கால் மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மலை ஏற ஏறப் பாதை இல்லாமல் போயிற்று. குதிரையை விட்டுவிட்டுப் பாறை பாறையாகத் தடவி ஏறவேண்டியிருந்தது. கண் திரையில் இருந்தது, முகத்தை முகம் பார்க்க வேண்டியதில்லை. அப்போதுதான் பரிமளா வாயைத் திறந்தாள்.

"கோயம்புத்தூர்ல எந்த வாசல் வரைக்கும் போலாம்னு எனுக்குத் தெரியாதுண்ணா."

ஆல்வின் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான்.

"இங்கன்னா தெரியும். யாரு வூட்ல எங்க நிக்கணும், எந்தத் தெருவுல போவணும், எல்லாம் தெரியும். அங்க யாரக் கேக்கறது? தெரியாம எங்கியாச்சும் பூந்துட்டு, எல்லாரும் திரும்பிப் பாத்தாங்கன்னா? அத நெனச்சாத்தான் பயமா கீது. வேற ஒண்ணும் இல்ல."

அவன் சட்டியைக் கீழே வைத்தான். தான் கம்பெனியில் சேர்ந்த கதையைச் சொன்னான். வீட்டில் யாருக்கும் சொல்லாத கதை. சேர்ந்த மூன்று நாளும் அவன் கேன்டீனுக்குள் போகவில்லை. அம்மா கட்டிக்கொடுத்த சோற்றை பைக் ஸ்டாண்டில் உட்கார்ந்து தின்றான்.

"கேன்டீன் சாப்பாடு கம்பெனியிதுதான். அட்டை கழுத்துல தொங்குது. வராதன்னு ஒருத்தனும் சொல்லல. வான்னும் யாரும் சொல்லல. அதான் போவல."

"அப்பறம்?"

"நாலாவது நாளு மழ."

"மழன்னா?"

"நனஞ்சிக்கினே உள்ள ஓடனேன். சோறு போடறவன் தட்ட எட்றான்னான். எடுத்தேன். சாம்பார் ஊத்தனான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். நான் இன்னாவோ பெருசா நடக்கும்னு நெனச்சேன். ரெண்டாந்தரம் சோறு கேட்டதுக்குக்கூட ஒண்ணும் சொல்லல." கொஞ்சம் நிறுத்தி, "சில எடத்துல சொல்றவனும் இருப்பான் பாப்பா. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் பைக் ஸ்டாண்ட்ல ஒக்காந்துகினு இருந்தது எவனும் சொல்லி இல்ல" என்றான்.

பரிமளா பாறையைப் பிடித்து இன்னும் ஒரு எட்டு ஏறினாள்.

"ஒனுக்கு மழ, எனுக்கு ஓநாயி" என்றாள்.

"ஒனுக்கு மூணு வாரம் ஆச்சி. நான் மூணே நாளு."

"கதவத் தெறக்கற பட்டன் எதுன்னே ஒனுக்குத் தெர்ல. முப்பது மணி நேரமாம்."

அவன் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தான்.

உச்சிக்கு வந்து சேர்ந்தபோது திரைக்குள்ளும் விடியத் தொடங்கியிருந்தது. புகை ஒரு தேன்கூட்டுக்காரனுடையது. கூட்டுக்கு மூட்டம் போட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் கொடுக்க அவர்களிடம் கடிதம் இல்லை, வாங்கவும் அவனிடம் ஒன்றுமில்லை. இவ்வளவு தூரம் யாரும் வருவதில்லை என்று சொல்லி, ஒரு துண்டு தேனடையை நீட்டினான். கீழே முழு நாடும் தெரிந்தது. அவள் பதினெட்டு நாள் போய்வந்த ரோடு நடுவில் அரைஞாண் கயிறு மாதிரி கிடந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவு வேறு இருந்தது. அங்கே எப்படிப் போவது என்று பரிமளா கண்ணால் வழி தேட ஆரம்பித்துவிட்டாள். ஆல்வினிடமிருந்து சத்தமில்லை. சுவரில் சாய்ந்தபடி தூங்கிப் போயிருந்தான்.

மணி நாலே கால். பயம் போகவில்லை. அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் அது ஏனாத்தூர் பஸ்ஸைக் கேட்கவில்லை. கோயம்புத்தூரில் அந்த காலேஜ் வாசலுக்கு உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டது. எத்தனை கட்டிடம், எந்த மாடியில் ஏறினால் என்ன தெரியும், லேபில் என்னென்ன வைத்திருப்பார்கள் என்று. இத்தனை நாளில் இதை ஒரு தடவைகூட அவள் யோசித்ததில்லை.

கேமைச் சேமித்து மூடினாள். அண்ணன் போனிலிருந்து நெட் போட்டு கவுன்சிலிங் பக்கத்தைத் திறந்தாள். 'சேர்கிறேன்' என்பதை அழுத்தியதும், பதிவு செய்த எண்ணுக்கு அனுப்பிய ஆறு இலக்கத்தைக் கொடு என்றது. பதிவு செய்த எண் அம்மாவுடையது. கூடத்தில் கொசுவலைக்குள் டொங்கென்று சத்தம் கேட்டது.

சிட்டம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். எப்படியும் அவள் எழும் நேரம்தான், நடவுக்குப் பெருநகர் கிராமத்துப் பக்கம் போக வேண்டும். போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, யார் இந்த நேரத்தில் என்றாள்.

"நம்பர் ஒண்ணு வந்துகீதாம்மா? படி."

அம்மா ஒவ்வொன்றாகப் படித்தாள். நாலு, ஒம்போது, சைபர், ரெண்டு, ரெண்டு, ஏழு. பரிமளா ஒவ்வொன்றாக அடித்தாள். கடைசி எண்ணையும் அடித்தாள். பக்கம் சுற்றிச் சுற்றி, பச்சையில் ஒரு வரி வந்து நின்றது.

"இன்னாத்துக்கு இது?" என்றாள் சிட்டம்மாள்.

"கோயம்புத்தூர்மா. சேர்றேன்னு போட்டுட்டேன்."

அம்மா கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள். கொசுவலையைத் தூக்கி வெளியே வந்து, தூங்குகிற மகனையும், வெளிச்சமாய் இருந்த திரையையும், மகளையும் பார்த்தாள். எவ்வளவு தூரம் என்று கேட்டாள். ரயிலில் ஒரு ராத்திரி என்றாள் மகள். தண்ணீர் எப்படி என்றாள். இனிப்பாக இருக்குமாம் என்றாள் மகள். அம்மா அடுப்புப் பக்கம் போய் விளக்கைப் போட்டாள். அரிசியை அளந்து போட்டுக் களைந்துகொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்.

"சேத்துவுட நானும் வருவேன். நைனா வந்தாலும் சரி, வர்லனாலும் சரி. ரயில்ல ஜன்னலாண்ட எனுக்குத்தான் சீட்டு போடணும், சொல்லிட்டேன்."